வண்டி கிளம்பும் சத்தம்

துவைத்துக் காய்ந்த கால்சட்டையை முகத்தோடு அழுத்திவைத்துக்கொண்டு ஆர்லீன் மூச்சை இழுக்கிறாள். வாசனை எதுவும் இல்லையென்றால் மடித்துப் பெட்டிக்குள் வைப்பாள். இருந்துவிட்டால், அது சோப்பாக இருக்கட்டும், சிகரெட்டாக இருக்கட்டும், கட்டிப்பிடித்து வழியனுப்பிய மனைவியின் சென்ட்டாக இருக்கட்டும், துணி மறுபடியும் சமையல் சோடா கரைத்த தண்ணீருக்குத்தான் போகும். "எந்தக் கடையில போய்ப் பொரண்டுட்டு வந்தானோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததை எடுப்பாள்.

கனடாவில், சஸ்காச்சுவான் மாநிலத்தின் வடக்குக் காட்டில், வெள்ளைவால் மான் வேட்டைக்கென்று அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களின் துணிகள் இவை. வந்து இறங்கியதும் பையோடு ஆர்லீனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது முகாம் முதலாளி டுவேனின் சட்டம். மனித வாடை பட்டால் மான் அந்தப் பக்கமே வராது. துணி காயும் கொட்டகையில் அடுப்பு கிடையாது. கொடியில் போட்டதும் சட்டையெல்லாம் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். விறைத்தபடியே உலரும். சுற்றிலும் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் கிளைகளை வெட்டித் தொங்கவிட்டிருப்பாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளின் காலுறைகளுக்கும் உள்சட்டைகளுக்கும் நடுவே நின்று, சிவந்துபோன கையோடு மோந்து மோந்து மடிப்பதுதான் அவளுடைய நவம்பர் மாதம்.

துணியோடு போயிற்றா என்றால் இல்லை. காட்டுக்குள் மான்களுக்குத் தீனி கொண்டுபோய்க் கொட்டுகிறவளும் அவளே என்பதால் அவளுடைய உடம்பிலும் வாடை இருக்கக் கூடாது. இலை உதிரத் தொடங்கியதும் வெங்காயத்தை விடுவாள். பிறகு பூண்டு. பிறகு பூண்டு போட்ட பன்றித்தொத்திறைச்சி. உக்ரேனியக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது பாதிச் சாப்பாட்டை விட்ட மாதிரி. "எங்க வீட்ல பூண்டு போடாம தண்ணிகூடக் கொதிக்காது" என்பாள், வெறும் வெண்ணெய் தடவிய பெரோகிக் கொழுக்கட்டையை விழுங்கிக்கொண்டே. தலைமுடிக்கும் சமையல் சோடாதான். மாதக் கடைசியில் அது வைக்கோல் மாதிரி ஆகியிருக்கும்.

முகாமில் சமைக்கிற பெர்னிஸ் ஒருத்திதான் அவளுக்குத் தோழி. மேட்டிஸ் என்கிற பூர்வகுடிக் கலப்பினத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "உன்ன மோந்து பாத்தா செத்தவ மாதிரி இருக்குடி. ஒண்ணுமே இல்ல" என்பாள்.

"செத்தவ நாறுவா. நான் அதைவிட மேல" என்பாள் ஆர்லீன்.

காலில் போட்டுக்கொள்வது செத்துப்போன கணவன் நெஸ்டரின் ரப்பர் பூட்ஸ். ரப்பரில் வாடை தங்காது. அளவு பெரிது, உள்ளே கம்பளி உறையை அடுக்கிப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடப்பாள். புதிது வாங்கித் தருகிறேன் என்று டுவேன் ஒரு முறை சொன்னான். "இதுக்கென்ன" என்று சொல்லிவிட்டாள். ஆண்களிடம் அவள் பேசும் பேச்சு பெரும்பாலும் அந்த நீளத்தில்தான் இருக்கும். விருந்தாளிகள் கூடத்தில் சிரித்துப் பேசிச் சாப்பிடும்போது அவள் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவாள். கதவு திறந்தால் தட்டோடு பின்பக்கம் போய்விடுவாள்.

காட்டில் அப்படியில்லை. அங்கே பேச்சு நிறைய.

தினமும், மோட்டார் பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலுசக்கர வண்டியில் பட்டாணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். சைலன்ஸர் ஓட்டையாகி இருமுகிற வண்டி. வேட்டைக்காரர்கள் மறைந்து உட்காரும் பலகைக் கூண்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டாணியைக் கொட்டிக் காலால் பரப்பிவிட்டு, மரத்தில் கட்டிய கேமராவில் படம் பதியும் அட்டையை மாற்றிவிட்டு, "சரி, நான் கிளம்பறேன். நீங்க வந்து சாப்பிடுங்க" என்று காட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பாள். மான்களுக்கு அவள் குரல் தெரியுமோ என்னவோ, வண்டிச் சத்தம் நன்றாகத் தெரியும். சத்தம் வந்தால் தீனி வருகிறது, சத்தம் தேய்ந்து மறைந்தால் சாப்பிடலாம் என்று படித்துக்கொண்டுவிட்டன. அவள் கண்மறைந்ததும் அவை வந்து நிற்பதைக் கேமரா காட்டும்.

அக்டோபரில் ஒரு நாள் வண்டி ஒரு கூண்டைத் தாண்டிய திருப்பத்திலேயே படுத்துக்கொண்டது. அணைப்பதும் முடுக்குவதும் இருமவைப்பதுமாக அங்கேயே பாதி நாள் போராடினாள். அன்றைக்குப் பட்டாணியைத் தொட ஒரு மானும் வரவில்லை. வண்டியை இழுத்துப் போன பிறகு, இருட்டுகிற நேரத்தில்தான் வந்திருந்தன. "போகாதவளை நம்பி எவன் சாப்பிடுவான்?" என்று பெர்னிஸ் சிரித்தாள்.

எல்லாக் கூண்டுகளிலும் நெஸ்டரின் பரண் என்பது வேறு. பீவர்கள் மரத்தைக் கொறித்து அணைகட்டிய குட்டையின் ஓரத்தில் இருக்கிறது. உண்மையில் இப்போது அங்கே பரண் கிடையாது. போன வருடம் வேட்டைக்கு முன்னால் அதை மரத்தில் ஏற்றிக் கட்டும்போதுதான் நைந்த கட்டுப்பட்டை அறுந்து நெஸ்டர் விழுந்தான். பட்டையை மாற்ற வேண்டும் என்று கோடையிலேயே அவன் சொல்லியிருந்தான். "இந்த சீசன் ஓடட்டும், மாத்திடலாம்" என்றிருந்தான் டுவேன். ஆள் போன பிறகு பரணைக் கழற்றிவிட்டுத் தரையில் கூண்டு வைத்தான். பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

அந்தக் குட்டைக்கு ஒரு பெரிய ஆண்மான் வரும். இடது கொம்பின் ஒரு கிளை கீழ்நோக்கி இறங்கியிருக்கும். கோணக்கொம்பு என்பது நெஸ்டர் வைத்த பெயர். குட்டிப் பருவத்திலிருந்து அவன் பார்த்து வளர்ந்தது. வருடாவருடம் அது உதிர்க்கும் கொம்பைப் பனி உருகியதும் தேடி எடுத்து வருவான். அவற்றைக் கூடத்துச் சுவரில் அலங்காரமாக மாட்டுவதற்கு ஆர்லீன் விடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியடித்து நிறுத்தி, பாத்திரம் துடைக்கும் துணிகளைக் காயப்போட்டாள். இன்றும் அதில்தான் காய்கின்றன. "ஒரு நாள் அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன் பாரு" என்று நெஸ்டர் சொல்வான், சொந்தக்காரனைச் சொல்வது போல.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு நடந்தபோது, முட்டைக்கோஸ் இலைச் சுருளோடு தட்டை ஏந்திக்கொண்டு டுவேன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "நெஸ்டரோட பரண் இனிமே உன்னோடது ஆர்லீன். அடுத்த சீசன் மொத வாரம் அங்க நீதான் ஒக்காருவ. வேற ஒருத்தனையும் விட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இந்த வருடத் துணியையும் தீனியையும் அவள் அதை நினைத்தபடிதான் பார்த்தாள். தன் பெயருக்கு வேட்டை லைசென்ஸ் எடுத்தாள். நெஸ்டரின் துப்பாக்கியைச் சரளைக்கல் குழிக்குக் கொண்டுபோய், காகிதத் தட்டைக் குத்திவைத்துச் சுட்டுப் பழகினாள். தோள் கன்றிப்போயிற்று. வேட்டையில் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற ஆரஞ்சு மேல்கோட்டு ஒன்று அவளுக்கும் இருந்தது; அதைத் துவைத்து, விருந்தாளிகளின் துணியோடு சேர்க்காமல் கொட்டகைக்கு வெளியே தனியாகத் தொங்கவிட்டாள்.

"இத்தனை நாளாத் தீனி போட்டு வளத்துட்டு எப்படிடி சுடுவ? பாசம் வரல?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

"பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் கூட்டிட்டு வரேன்னாரு. வரல. நான் கூட்டிட்டு வரப் போறேன்."

திங்கட்கிழமை வேட்டை தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை டுவேன் கொட்டகைக்குள் வந்தான். வழக்கமாக வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறவன். உள்ளே வந்து ஒரு பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான்.

"ஆர்லீன், ஒரு ஆள் கூடுதலா வரான். ஜார்ஜியாக்காரன்."

"துணியைக் குடு."

"குடுக்கறேன். அவனை... நெஸ்டர் எடத்துலதான் ஒக்கார வைக்கணும்."

அவள் கையிலிருந்த உள்சட்டையை மடித்து முடித்தாள். "அது என் எடம்னு சொன்ன."

"யாரு இல்லேன்னா? அடுத்த வாரம் நீ போ. அவன் கிளம்பினதும் உனக்குத்தான்."

"அடுத்த வாரம் அங்க என்ன இருக்கும்?"

"காட்டுல வேற மானே இல்லியா?"

ஆர்லீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப் பார்ப்பது அவள் வழக்கமில்லை. "கோணக்கொம்பு ஃபோட்டோவ அவனுக்கு அனுப்பினியா?"

டுவேன் மூடியை மூடினான். "அதைப் பாத்துட்டுத்தான் ஃபிளைட் டிக்கெட்டே போட்டான். இவன் சந்தோஷமாத் திரும்பிப் போனா அவன் கூட்டாளிங்க மொத்தமும் அடுத்த வருஷம் இங்க வருவாங்க. புரிஞ்சுக்கோ."

தினமும் குட்டைக்குப் போய்க் கேமராவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான்.

"கோவில்ல அத்தனை பேர் முன்னாடி சொன்ன, டுவேன்."

"சாவு வீட்ல ஆயிரம் சொல்லுவாங்க ஆர்லீன்." சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலை இறக்கினான். "காலைல நீயே அவனைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு. உன் வண்டி சத்தத்துக்குத்தானே அது வரும். நான் போனா வராது."

"சரி" என்றாள் ஆர்லீன். அவனிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

ஜார்ஜியாக்காரனின் துணியிலிருந்து தோலும் சென்ட்டும் வறுத்த கோழியும் மணத்தன. அலசினாள். மோந்தாள். மறுபடியும் அலசினாள்.

"அதுல துப்பி அலசுடி" என்றாள் பெர்னிஸ், வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"துப்பினா வாடை வரும்."

"வரட்டுமே!"

அந்தத் துணி மற்றவர்களின் துணியைப் போலவே சுத்தமாகக் காய்ந்தது. அரைகுறையாக வேலை செய்ய அவளுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை மாலை தன் ஆரஞ்சு கோட்டை மட்டும் கொடியிலிருந்து உருவி, மடிக்காமல் சுருட்டி வண்டியின் இருக்கைக்கு அடியில் திணித்தாள்.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் காடு சத்தமில்லாமல் உறைந்து கிடந்தது. மூக்கின் உள்மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர். ஜார்ஜியாக்காரன் பெயர் பிரெஸ்டன். போட்டிருந்த துணிகளுக்குள் திரும்பக்கூட முடியாமல் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஏறும்போது நன்றி சொன்னான், துணி துவைத்ததற்கு நன்றி சொன்னான், இறங்கியதும் மறுபடியும் சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"டுவேன் சொன்னார் மேடம், இருக்கறதுலயே அதிர்ஷ்டமான எடம் இதானாம்."

"ஆமா. என் புருஷன் இங்கதான் விழுந்து செத்தார்."

பிரெஸ்டன் தொப்பியை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றான். அவள் அதைக் கவனிக்காதவள் போல அவனுடைய துப்பாக்கியை வாங்கிக் குண்டு இல்லை என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "உள்ள ஒக்காந்தப்புறம் குண்டு போடுங்க. ஹீட்டரைக் கொறைச்சு வைங்க. இருமல் வந்தா கையுறைக்குள்ள இருமுங்க."

பட்டாணியைக் கொட்டினாள். நெஸ்டரின் பூட்ஸால் வழக்கம்போலப் பரப்பிவிட்டாள். பனியில் கோணக்கொம்பின் குளம்புத் தடம் அகலமாக, புதிதாகப் பதிந்திருந்தது. நேற்றைய தீனியில் ஒரு மணி மிச்சமில்லை.

கூண்டின் சிறு ஜன்னல் வழியாகப் பிரெஸ்டன் மெதுவாகக் கேட்டான். "எப்ப வரும் மேடம்?"

"நான் போனதும்."

வண்டியை முடுக்கினாள். காட்டைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையை இன்று சொல்லவில்லை. கூண்டு மறையும் திருப்பம் வரைக்கும் ஓட்டிப் போனாள். அங்கே, அக்டோபரில் வண்டி படுத்துக்கொண்ட அதே இடத்தில், பிரேக்கைப் பிடித்தாள்.

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. டுவேன். "ஆர்லீன், கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்" என்றாள். பிறகு அதன் திருகைத் திருப்பி வாயை அடைத்தாள்.

பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். டாங்கி நிறைய இருந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு கோட்டை உருவி, உதறி, போட்டுக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் மாட்டினாள். சாவியை அணைக்கிற பக்கம் திருப்பவில்லை. இருமிக்கொண்டே இருந்த வண்டியின் மேல் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்து, நாள் முழுக்க வர வேண்டும் என்கிற கணக்கில், தேநீரைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டாள்.