சாம்பிள் தரத் தயங்கிய ஐஸ்லாந்துப் பெண்

லண்டன் மைதானங்களில் ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக வீராங்கனைகளிடம் சிறுநீர் சாம்பிள் எடுப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வேறொருவரின் சிறுநீரை உடுப்புக்குள் ஒளித்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது சோல்ரூனைப் பற்றித்தான்.

சோல்ரூன் ஐஸ்லாந்துக்காரி. பத்தொன்பது வயது. ஓட்டம், தாண்டல், எறிதல் என ஏழு போட்டிகளை இரண்டு நாளில் முடிக்கும் ஹெப்டத்லான் வீராங்கனை. முதல் நாள் முன்னணியில் இருந்தவள், மறுநாள் கடைசிப் போட்டியான 800 மீட்டரில் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். பரிசோதனைக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது.

அறையில் தண்ணீரை மாறி மாறிக் குடித்தாள். கேட்கும்போதெல்லாம், "இன்னும் வரேல்லை" என்றாள். கால்களை இறுக்கிக்கொண்டு இருந்ததைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. வாசலில் நின்ற அவளுடைய கோச் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவள் நிமிரவேயில்லை.

"தனியப் போகலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏலாது. நானும் உள்ள வரவேணும். முழங்கால் வரைக்கும் உடுப்பை இறக்கவேணும். அதுதான் ரூல்."

அவள் முகம் வெளுத்தது.

என்னோடு வேலை செய்யும் சிவா மெல்லச் சொன்னான்: "அக்கா, இழுத்தடிக்கிறா. ஏதோ ஒளிச்சு வச்சிருக்கிறா."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் படுது."

கடைசியில் அடக்க முடியாமல் எழுந்தாள். கழிப்பறையில், ஓடும்போது போட்டிருந்த நீளக் காற்சட்டையை மெதுவாக இறக்கினாள். ஒளித்தது எதுவும் இல்லை. பின்தொடையில் சுற்றியிருந்த டேப்புக்கு மேலும் கீழும் தோல் கறுத்து வீங்கியிருந்தது. அப்போதும் என் கண் ஊசி ஏற்றிய அடையாளத்தைத்தான் தேடியது.

"நேற்று 200 மீட்டர் ஓடேக்க தசை கிழிஞ்சிட்டுது," என்றாள். "கோச்சுக்குச் சொல்லாதேங்கோ. அடுத்த கிழமை எங்கட நாட்டு அணிக்குத் தெரிவு. என்னை நிப்பாட்டிப்போடுவார்."

சாம்பிளை சீல் வைத்து வெளியே வந்தோம்.

"ஏன் இவ்வளவு நேரம்? உள்ள என்ன நடந்தது?" கோச் இப்போது என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அவவையே கேளுங்கோ," என்றேன்.

அவள் டேப் சுற்றிய தொடையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தசை கிழிந்ததைத் தானாகவே சொன்னாள். அவர் திட்டவில்லை. அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பிடித்து நடக்கக் கை கொடுத்தார்.

லாப் முடிவு எங்களுக்கு வராது. அடுத்த கோடையில் வேறொரு போட்டியின் முடிவுகளில் அவள் பெயரைக் கண்டேன். ஏழு போட்டிகளையும் முடித்திருந்தாள்.

ஒருவர் எதையோ மறைக்கிறார் என்பது மட்டும்தான் நமக்குத் தெரிய வரும். எதை என்று தெரியும்வரை, கண்ணை எடுக்காதீர்கள்; ஆனால் அவரைக் குற்றவாளியைப் போல நடத்தாதீர்கள்.