சோப்புப் போட்டுக் கழுவிய குழாய்
கடையம் பக்கத்து வயலில் பாம்பு கடித்த ஒருவரை அவருடைய அண்ணன் எங்கள் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். கடிவாயைப் பிளேடால் கீறி, கால் கறுக்கும் அளவுக்குக் கயிற்றால் இறுக்கியிருந்தார். மண்வெட்டியால் வெட்டிக் கொன்ற பாம்பும் உரச்சாக்கில் வந்திருந்தது.

லேப்பில் வேலை பார்த்த நான் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வைத்தேன். இருபது நிமிடத்தில் அது உறைய வேண்டும். உறையாமல், வெளிச்சம் புகும் சிவப்புத் தண்ணீராகிவிட்டது. சிவப்பணுவின் தோல் என்பது இரண்டடுக்குக் கொழுப்புதான். விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது; அந்தக் கொழுப்பையும் அறுத்தால் அணு வெடித்துவிடும்.

"விரியன்தான். ரத்தமெல்லாம் ஒடைஞ்சிட்டு" என்று கத்தினேன். அண்ணன் சுவரில் தலையை மோதிக்கொண்டார்.

டாக்டரம்மா சாக்கை உதறிப் பார்த்தார். "இது சாரைப்பாம்புல்லா, வெஷமே கெடையாது. டியூப எதுல கழுவுனீங்க?"

"சோப்புப் பவுடர்ல."

சோப்பும் அதே கொழுப்பைத்தான் கிழிக்கும்; குழாயில் ஒட்டியிருந்தால் ரத்தத்தை உறையவும் விடாது. புதுக் குழாயில் பிடித்த ரத்தம் கெட்டியாக உறைந்தது. என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அந்தச் சாரை யாரையும் கொல்லவில்லை. அதை அண்ணன் கொன்றார். தம்பியின் ரத்தத்தைக் குழாயில் நான் கொன்றேன்.