கையை விடாத எகிப்துக் காப்பு

மனைவியின் பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். மியூசியம் என்றாள். எகிப்தின் ஆதிக் கிறிஸ்தவர்களான கொப்டிக் மக்களின் நகைகளை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போனோம். கண்ணாடிக்குள் வெண்கலக் காப்புகள், இரும்பு வளையல்கள், சிலுவை தொங்கும் தோடுகள், குழந்தைகள் கையில் போட மணி கோத்த சின்ன வளையங்கள். எல்லாம் கல்லறைகளில் கிடைத்தவையாம். பவுண் ஒன்றையும் காணவில்லையே என்று முதலில் குறைப்பட்டாள். பிறகு, வெண்கலக் கம்பியை முறுக்கிச் செய்த ஒரு காப்புக்கு முன்னால் நின்றவள் நகரவில்லை. முனைகள் சேரும் இடத்தில் சின்ன ஆணி வைத்த பூட்டு.

"உதைப் போட்டவள் நல்ல ஸ்டைல்காரியாத்தான் இருந்திருப்பாள்," என்றாள்.

அவள் பாத்ரூம் போன நேரம் பார்த்து நான் மியூசியக் கடைக்கு விரைந்தேன். அதே காப்பின் நகல் இருந்தது. அளவுதான் பிரச்சினை. எங்கள் இருவரின் கையும் ஏறத்தாழ ஒரே பருமன் என்ற துணிவில் அதை மாட்டி ஆணியை அழுத்தினேன். பூட்டிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை.

கடையில் நின்ற பெண் கைக்குக் கிரீம் பூசி இழுத்தாள். என் தோல் வந்தது, காப்பு வரவில்லை. வேறு வழியின்றி விலைச்சீட்டுத் தொங்கும் கையாலேயே கார்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"ஆருக்கு உது?"

"உமக்குத்தான்."

"அப்ப ஏன் நீங்கள் போட்டிருக்கிறியள்?"

ரயிலில் சட்டைக்கையை இழுத்து மூடியும் பயனில்லை. எதிரே இருந்த பெண் காப்பு அழகாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மனைவி என் சார்பில் நன்றி சொன்னாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவிலுள்ள நகைக்கடைக்குப் போனோம். கல்யாணத்துக்குத் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முழுவதும் அதை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தது. கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஆணியைத் தள்ளக் கூடாது, திருக வேண்டும் என்றார். மெல்லிய குறட்டால் ஒரு திருகு. கழன்றது.

"அண்ணை, உதே டிசைனில அக்காவுக்குப் பவுணில செய்து தரட்டோ?"

"வேண்டாம்," என்றாள் மனைவி. "வெண்கலம்தான் வடிவு."

மறுநாள் மிசிசாகாவில் வேலைக்குப் போகும்போது என் மணிக்கட்டில் வெண்கலக் கறை ஒரு பச்சை வளையமாய் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவள் இப்போது அந்தக் காப்பைக் கோயிலுக்கும் போடுகிறாள். ஆணியை மட்டும் அழுத்துவதில்லை. முனைகளைச் சிவப்பு நூலால் கட்டிக்கொள்கிறாள்.