எண்பத்தேழாம் காய்

திருகோணமலையில் நிஸா டீச்சரிடம் செவ்வரத்தையை, அதுதான் செம்பருத்தியை, பற்றி வாய் திறந்தவர்கள் அன்று மத்தியானச் சோற்றுக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. துறைமுகத்தில் வேலை செய்த அபூதாஹிரைக் கட்டிப் பதினான்கு வருடமாகியும் பிள்ளையில்லை. அதைப் பற்றி மட்டும் அவர் யாரோடும் கதைத்ததுமில்லை, அழுததுமில்லை.

புது நிறப் பூ வேண்டி ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தடவி, காம்பில் வெள்ளை நூல் கட்டுவார். தகப்பன் செடி எதுவோ அதற்கேற்ப ஒரு முடிச்சோ இரண்டோ மூன்றோ நான்கோ. எண், தாய், தகப்பன், தேதி எல்லாம் கொப்பியில் ஏறும். அநேகமானவை ஒரு கிழமைக்குள் உதிர்ந்துவிடும்.

எண்பத்தேழாவதற்குத் தகப்பன், கடற்படைப் பங்களா ஒன்றில் நின்ற ஊதாச் செடி. அதன் மகரந்தத்தை வாங்கி வந்த மறுவாரமே செடியை வெட்டிப்போட்டார்கள். இனி அந்த நிறம் வேண்டுமென்றால் இந்தக் காய்தான்.

1972 ஓகஸ்டில் கிணற்றடி மஞ்சள் செடியில் எண்பத்தேழாவதும் சேர்த்து ஐந்து காய்கள் முற்றி நின்றன. ஐந்தையும் முளைக்கப்போட நூறு கன்றுக்கு இடமும் நல்ல தண்ணீரும் வேண்டும். அந்த வளவில் இருபதுக்கே தட்டுப்பாடு. எந்தக் காய் எந்தக் கிளையில் என்று மட்டும் அவர் எழுதவில்லை. நூல்தான் இருக்கிறதே என்ற துணிவு. யானைக்கும் அடி சறுக்கும்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை செடியில் ஒரு நூல்கூட இல்லை.

கிண்ணியாவிலிருந்து முதல் நாள் வந்த ஸாலிஹா, அபூதாஹிரின் அக்கா, குசினி வாசலில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

“மதினி, செடியில இருந்த நூலெல்லாம் எங்க?”

“அறுத்துக் கடல்ல போட்டுட்டன் புள்ள. ஆரோ இந்த வீட்டுக்குச் செய்வினை செஞ்சு முடிஞ்சு வச்சிருக்கிறாங்க.”

நிஸாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அது நான் கட்டினது! என்ர மூண்டு வருச வேலை! நீங்க இண்டைக்கே ஊருக்குப் போங்க.” அபூதாஹிர், ஆண்பிள்ளைகள் வழக்கப்படி, முகத்தைப் பேப்பருக்குள் புதைத்துக்கொண்டார்.

ஸாலிஹா பையைத் தூக்கிக்கொண்டு படலை வரை போனார். அங்கே திரும்பி நின்றார். “பிள்ளை இல்லாததுக்குச் செய்வினைதான் காரணம், உன்ர மேல குத்தமில்லை எண்ட சந்தோசத்திலதான் அறுத்தன் நிஸா.”

நிஸா கிணற்றடிக்குத் திரும்பினார். காய்களின் நுனி வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு காற்று அடித்தால் விதை மண்ணோடு போய்விடும். முடிச்சைப் பற்றித் தான் எதுவும் சொல்லிவிடாமல், படலையில் நின்றவரைக் கேட்டார்: “நூலெல்லாம் ஒரே மாதிரியா இருந்திச்சு?”

“இல்ல. ஒண்டில மட்டும் நாலு முடிச்சு. அதுக்குத்தான் கூடப் பயந்து முதல்ல அறுத்தனான்.”

நாலு முடிச்சு ஊதாவுக்கு மட்டும்தான்.

“எந்தக் கிளை?”

பையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஸாலிஹாவின் கை மேல்கிளைக்குப் போனது, பிறகு கீழ்க்கிளைக்கு. “இது... இல்ல, இது. ஐயோ, மறந்து போச்சே.”

“மதினி, யோசிச்சுச் சொல்லுங்க. குத்துமதிப்பா எழுத ஏலாது.”

“அந்த நாலு முடிச்சை அறுக்கக்குள்ள அவசரத்தில பாக்குவெட்டி காம்பிலயும் பட்டது, புள்ள.”

நிஸா ஒவ்வொரு காம்பாகத் தடவினார். கீழ்க்கிளையில், பாதி வெட்டுண்டு, நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது அது. உள்ளங்கையால் ஏந்திப் பிடித்தபோது காய் அங்கேயே பிளந்தது. ஒன்பது விதை. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

மற்ற நான்கைப் பற்றி அவருக்கு அன்று கவலையே இருக்கவில்லை. கொப்பியில் கிளையையும் எழுதி, இடம் காட்டியவர் என்று ஸாலிஹாவின் பெயரையும் எழுதினார். ஸாலிஹா அன்று ஊருக்குப் போகவில்லை.

ஒன்பதில் நான்கு முளைத்தன. பதினாலு மாதம் கழித்து ஒன்று பூத்தது, மஞ்சள் விளிம்போடு ஊதாவாக. செய்தி கேட்டு ஸாலிஹா வந்தார். தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நான் இதுக்கு மாமி, என்ன?”

“ஓம் மதினி,” என்ற நிஸா, முதன்முதலாக இன்னொருவர் முன்னால் அழுதார்.