குளம் பெருகும்வரை மூடிவைத்த படகு

நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரைக்கும் எத்தனை தடவை போய் வந்தாலும் சரி, வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஒரு மிதவைப் படகு வைத்திருக்கிற ஆள் நான் ஒருவன்தான். கார் வைத்திருப்பவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். காற்றாலை வைத்திருப்பவன்கூட இருக்கிறான். படகு என்னிடம்தான். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றினேன், அப்புறம் லோடுக்கு மேல் ஏறிக் கயிறு கட்டினேன், அப்புறம் அந்த லாரியையே வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் படித்தவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். சொன்ன பிறகும் வருவார்கள், அது வேறு.

என் படகு சாதாரண வள்ளம் இல்லை. நீளமாக இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் பனைமரத் தடிமன். அதன்மேல் தட்டையாக ஒரு தளம், சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி அழி, பின்னால் ஒரு மோட்டார், உள்ளே கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி வெள்ளை ரெக்சின் சோபாக்கள். கேரளத்தில் ஒரு விடுதியை மூடிக் கட்டில் பீரோவெல்லாம் விற்றார்கள். போனவன் எல்லாம் கட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படகைப் பார்த்தேன். என் லாரியிலேயே ஏற்றி, ஆரல்வாய்மொழி வழியாகக் கொண்டுவந்தேன். வழிநெடுக ஜனம் வாயைப் பிளந்தது.

எங்கள் ஊர் மட்டும் சிரித்தது. "அண்ணாச்சி, படகு வந்துட்டு. கடல் எந்த லாரியில வருது?" என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். சொந்தமாக ஒரு சைக்கிள் மணிகூட இல்லாதவன். வீட்டுக்குப் பின்னாலேயே குளம் இருப்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அது ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகும், பங்குனிக்குள் வற்றும், மீதி நாளெல்லாம் அதில் ஆடு மேயும். நான் படகு வாங்கியது ஆனியில். ஆகவே குளம் பெருகும்வரை படகு முற்றத்தில், வெட்டவெளியில், கருங்கல்லுக்கு மேல் கிடக்க வேண்டியதாயிற்று.

அந்த முற்றம் என் வீட்டுக்காரி நெல்லும் மிளகாயும் காயப்போடுகிற இடம். அவள் சண்டை போடவில்லை. சண்டை என்றால் நான் ஜெயித்திருப்பேன். அவள் கெடு வைத்தாள்.

"குளம் பெருகுத அன்னைக்கு நான் வந்து திறந்து பாப்பேன். அந்த வெள்ளை மெத்தையில ஒண்ணு கெட்டிருந்தாலும் சரி, கொல்லத்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்லா, அவன்கிட்டத் தள்ளி விட்டுரணும். தண்ணியில இறக்கப்படாது. சம்மதமா?"

"கெடலைன்னா?"

"கெடலைன்னா அது பாட்டுக்கு இங்கன கிடக்கட்டும். நான் மச்சுல மிளகாய் போட்டுக்கிடுதேன்."

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது? தண்ணீரையே பார்க்காமல் படகு ஊரை விட்டுப் போனால், நான் அந்த டீக்கடை வழியாகத் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆக, என் மானம் ஒரு மூடியில் வந்து நின்றது.

திருநெல்வேலி ஜங்ஷனில் கார் கவர் விற்கிற கடைக்குப் போனேன். படகுக்கு என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாடல் அண்ணாச்சி?"

"படகு மாடல்தான்."

பெரிய வேனுக்கு உள்ளதை எடுத்து விரித்தார். பக்கவாட்டில் இரண்டு காது தைத்திருந்தது, கண்ணாடி நுழைவதற்கு. படகுக்குக் காது எதற்கு என்று கேட்டேன். "அது பாட்டுக்குத் தொங்கிட்டுப் போகட்டும் அண்ணாச்சி, உங்களுக்கு என்ன செய்யுது?" என்றார். வியாபாரம் தெரிந்தவர். நான்தான் எழுந்து வந்துவிட்டேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் மகன் போனிலேயே ஒரு கவரை வரவழைத்தான். பெட்டிக்கு மேல் படம் போட்டிருந்தது. படகு, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிக்கட்டி.

"அப்பா, இது எவ்வளவு பனி விழுந்தாலும் தாங்கும்ப்பா."

"ஏலே, நாங்குநேரியில என்னைக்குலே பனிக்கட்டி விழுந்துச்சு?"

"மழையும் தாங்கும்."

"காத்து?"

விற்றவன் போட்டிருந்த விவரத்தைத் தேடிப் படித்தான். "காத்தைப் பத்தி ஒண்ணும் போடலையேப்பா."

பனி தேங்காமல் சரிந்து விழ, நடுவில் நட்டுவைக்க ஒரு கம்பு வேறு கூட வந்தது. நல்ல கம்பு. இப்போது எங்கள் வீட்டில் அதை வைத்து முருங்கைக்காய் பறிக்கிறோம்.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்று அப்படிப்பட்டது. காற்றாலைக்காரன் எங்கெங்கோ இடம் தேடிவிட்டு இங்கே வந்து நட்டிருக்கிறான் என்றால் சும்மாவா? ஒரு மத்தியானம் அந்தக் கவர் பந்தியில் மூன்று தரம் சோறு வாங்கியவன் வயிறு மாதிரி உப்பியது. கொக்கியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தது. எழும்பி, வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து ஆட்டுப்பட்டி மேல் போய் இறங்கியது. அன்று முழுக்க ஆடுகள் இரவாகிவிட்டது என்று நினைத்துப் படுத்தே கிடந்தனவாம்.

என் வீட்டுக்காரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "படகு போகும்னு பாத்தேன். அதுக்கு முந்தி சட்டை போயிட்டு" என்றாள்.

இனி யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். வாழ்நாளெல்லாம் லோடு மூடியவன் நான். எனக்குத் தெரியாத மூடியா? லாரித் தார்பாயை எடுத்தேன். தார்பாய் கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. சிமெண்ட் லோடு என்றால் ஈ நுழையாமல் கட்ட வேண்டும். வெங்காய லோடு என்றால் மேலே கெட்டியாகக் கட்டி, அடியில் காற்றுக்குச் சந்து விட வேண்டும். இல்லாவிட்டால் மதுரை போய்ச் சேருமுன் லாரியே நாறிவிடும். என் படகு வெங்காயம். புழுங்கினால் மெத்தை பூசணம் பூத்துப்போகும். இதையே யாராவது கண்ணாடி போட்டவர் "காற்றோட்டம் இன்றியமையாதது" என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

ஒரு குறைதான். நல்ல தார்பாயெல்லாம் லாரிகளோடு ஓடிக்கொண்டிருந்தன. கையில் இருந்தது பழசு, அங்கங்கே ஊசிக்கண் ஓட்டை. சொட்டுச் சொட்டாக இறங்கினால் மெத்தைக்கு ஆபத்து. அதனால் உள்ளே மெத்தைக்கு மேல் இன்னொரு விரிப்பு வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் என் சம்பந்தி பஸ்ஸை விட்டு இறங்கினார், தோளில் ஒரு சுருளோடு.

சம்பந்தி பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். நெற்றி நிறைய விபூதி. யார் எதைச் சொன்னாலும் செய்தாலும் அரை மார்க் குறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கல்யாணத்தில் என் பாயசத்தை மூன்று தம்ளர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஏலக்காய்தான் முந்திட்டு" என்றவர்.

"சம்பந்தி, புற ஊதாக் கதிர்னு ஒண்ணு இருக்கு வே. உமக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல."

"வெயில்தான?"

"வெயில்ல ஒரு பகுதி."

"எங்க ஊருக்கு முழுசாவே வந்துருது சம்பந்தி, பகுதியா அனுப்பப்படாதான்னு நீரு எழுதிக் கேட்டுச் சொல்லும்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுருளைப் பிரித்தார். அவருடைய பணி நிறைவு விழாவுக்குப் பள்ளிக்கூட வாசலில் கட்டிய பிளெக்ஸ். அவர் முகம் மட்டும் ஒரு கட்டில் அகலம்.

"மழைக்கும் வெயிலுக்கும் அசராது வே. எங்க வீட்டுப் பரண்ல சும்மாத்தான் கிடக்கு. படகுக்கு மேல விரிச்சு, முகம் ரோட்டைப் பாத்தாப்ல கட்டும்."

எனக்கு விளங்கிவிட்டது. ரிட்டயர் ஆன மனிதரை இப்போது ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் போகிற ஜனமாவது பார்க்கட்டும் என்று தோன்றியிருக்கிறது. படகு என்னுடையது, முகம் அவருடையது என்றால் என்ன ஆகும்? யார் படகு என்று கேட்டால், வாத்தியார் படகு என்பான். நான் மூட்டை தூக்கியதெல்லாம் இதற்காகவா?

"ஆகட்டும் சம்பந்தி" என்றேன். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, பிளெக்ஸை உள்ளே மெத்தைக்கு மேல் விரித்துத் தார்பாயால் மூடினேன். மறுநாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், அந்த அரையிருட்டில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண் என்னையே பார்க்கிறது, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்கிற மாதிரி. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அந்தப் பார்வைக்குப் பயந்துதான். பிளெக்ஸைப் புரட்டிக் குப்புறப் போட்டேன். முகம் மெத்தையில் அழுந்திக் கிடந்தது. மேலே தார்பாயை இழுத்து வெங்காயக் கட்டுக் கட்டினேன். அதற்கப்புறம் எந்தக் காற்றாலும் அதை அசைக்க முடியவில்லை.

சம்பந்தி வாரம் தவறாமல் போன் செய்வார். "நம்ம படம் எப்படி வே இருக்கு?"

"ஒரு பொட்டு மழை உம்ம மேல விழல சம்பந்தி."

"பஸ்ல போறவன்லாம் பாக்கானா?"

"காத்து பலமா அடிக்கு, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுவேன்.

புரட்டாசி, பொன்னுருகக் காய்ந்தது. தார்பாயைத் தொட்டால் பணியாரச் சட்டி. ஐப்பசியில் மழை பிடித்தது, கார்த்திகையில் குளம் பெருகி, மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது. என் வீட்டுக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"திறங்க."

தார்பாயை உருவினேன். அழி பளபளவென்று இருந்தது. தளத்தில் பாசி இல்லை, பூசணம் இல்லை, பிளெக்ஸின் முதுகில் மட்டும் இரண்டு சொட்டு ஈரம். "பாத்தியாட்டி?" என்று சொல்லிக்கொண்டே பிளெக்ஸை உரித்தேன். பசக் பசக்கென்று ஒட்டிக்கொண்டு வந்தது. உரித்து முடித்தால், மெத்தையில் சம்பந்தி.

வெயில் சூட்டில் பிளெக்ஸின் சாயம் முழுக்கப் பின்பக்கத்து நீள மெத்தையில் இறங்கியிருந்தது. கண்ணாடி, மீசை, மச்சம், எல்லாம் அச்சாக. விபூதிப் பட்டை மட்டும் மெத்தையின் சொந்த வெள்ளை.

என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெட்டுட்டு. கொல்லத்துக்காரனுக்குப் போன் போடுங்க" என்றாள்.

"எங்க கிழிஞ்சிருக்கு? எங்க நனைஞ்சிருக்கு? கெடுததுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மண்ணெண்ணெய்க்கும் அவர் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டதில் இன்னும் கொஞ்சம் களையாகிவிட்டார். அவள் போனை எடுத்து என் கையில் திணித்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உதித்தது. கல்லூரிக்குப் போயிருந்தால் உதித்திருக்காது.

"இது கெட்டுதா கெடலையான்னு நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். சம்பந்தி படிச்சவரு, நியாயஸ்தரு. அவரு சொல்லட்டும்."

அவள் யோசித்தாள். குப்புறப் போட்ட சங்கதி தெரிந்தால் அவர் ஊரைக் கூட்டிவிடுவார் என்று கணக்குப் போட்டிருப்பாள். "சரி, வரச் சொல்லுங்க" என்றாள்.

சம்பந்தி தம் வீட்டம்மாவோடு வந்தார். அந்த அம்மாள் அதிகம் பேச மாட்டார். சம்பந்தமான நாளிலிருந்து பந்தியில் "போதும்" என்று சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன். சம்பந்தி படகில் ஏறினார், மெத்தை முன்னால் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோட்டைப் பாத்துல்லா கட்டச் சொன்னேன்?"

"காத்து அப்படி சம்பந்தி. உம்ம முகம் பறந்து ஆட்டுப்பட்டியில விழுந்தா எனக்கு மரியாதையா? அதான் பத்திரமா உள்ள வச்சேன். இப்ப நீரே சொல்லும். இந்த மெத்தை கெட்டுட்டா? கெட்டுட்டுன்னு நீரு ஒரு வார்த்தை சொன்னா, இன்னைக்கே படகை வித்துருதேன்."

அவர் என்னைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். தம் முகம் பட்டதால் ஒரு பொருள் கெட்டது என்று எந்த மனிதன் சொல்வான்? அதிலும் தலைமையாசிரியர்.

"இதுல கெடுததுக்கு என்ன இருக்கு வே? தெளிவாத்தான விழுந்திருக்கு." குனிந்து உற்றுப் பார்த்தார். "மச்சம்தான் அந்தப் பக்கம் போயிட்டு" என்று அரை மார்க் குறைத்துக்கொண்டார்.

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் மிளகாய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு மச்சுப்படி ஏறினாள்.

என் லோடுமேன்கள் பனந்தடியை உருட்டிப் படகைக் குளத்தில் இறக்கினார்கள். ஒரு பக்கம் சாயாமல், ஒரு சொட்டு உள்ளே வராமல் நின்றது. நான் மோட்டார் பக்கம் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரி ஏறி முன்பக்க மெத்தையில் உட்கார்ந்தாள். சம்பந்தி பின்பக்க மெத்தையை மறித்து நின்றார்.

"இதுல மட்டும் யாரும் உக்கார வேண்டாம்."

"ஏன், கெட்டுட்டா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"கெடல. இருந்தாலும்..."

"கெடாத மெத்தையை விட்டுட்டு வேற எங்கன உக்கார?"

அவரைப் பைய விலக்கிவிட்டு, சேலையை ஒதுக்கி, நட்டநடுவில் மூக்குக் கண்ணாடிக்கு மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நல்லா மெத்துன்னு இருக்கு மதினி" என்றார். என் வீட்டுக்காரி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பாதி முங்கி நின்ற கருவேல மரங்களுக்கு ஊடே படகை ஓட்டிக் குளத்தைச் சுற்றி வந்தேன். கரையில் ஊரே நின்று பார்த்தது. சம்பந்தி அழியைப் பிடித்துக்கொண்டு மறுகால் பக்கமே பார்த்தபடி நின்றார். கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கப் போனார்.

"அண்ணாச்சி," சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு சுத்துப் போங்க. அவுக வேணும்னா இறங்கிக்கிடட்டும்."

நான் போனேன்.