கரண்டி மூக்கு

1969 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. தூறல். கிள்ளானுக்கு அப்பால் கடலோரச் சேற்றுவெளியில், கவிழ்ந்து கிடந்த ஒரு படகின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். வயது ஒன்பது. கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. சேறு தலைகாட்டக் காட்ட, வடக்கே பனி நாடுகளிலிருந்து வந்த உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக் குத்தித் தின்றன.

சித்தப்பா எனக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி குடையோடு உட்கார்ந்திருந்தார். பறவை பார்க்க, எங்கள் வீடிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து இருட்டோடு மோட்டார் சைக்கிளில் என்னைக் கூட்டிவந்தவர், பறவைகள் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

அவர் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். மழைக்காலம் தொடங்கினால் துரை இந்தச் சேற்றுக்குத்தான் வருவார். ஊர் திரும்பும்போது தொலைநோக்கியைச் சித்தப்பாவிடம் விட்டுப் போனார். துரைக்குக் கடைசிவரை காணக் கிடைக்காதது ஒன்றே ஒன்று: மூக்கு நுனி கரண்டிபோல் அகன்ற சின்ன உள்ளான். சித்தப்பாவும் கண்டதில்லை. கண்ட பறவைகளுக்கெல்லாம் சொந்தக்காரர் பெயர்களை வைத்திருந்தார். வளைந்த நீள மூக்குக்காரன் என் தாய்மாமா. நிற்காமல் ஓடுவது அத்தை.

அந்த ஆண்டு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆகியிருந்தது. அப்பா காலத்தோடு குடியுரிமைக்கு மனுப் போட்டு நீலக் கார்டு வாங்கிவிட்டார். சித்தப்பா ‘அடுத்த மாசம்’ என்று சொல்லியே வருடங்களை ஓட்டியவர். பெர்மிட் கிடைக்கவில்லை. நாகப்பட்டினம் போகும் கப்பல் வியாழக்கிழமை. அதில் ஏறுவதா, கார்டு கேட்காத ஏதாவது ஒரு தோட்டத்தில் ஒளிந்து பிழைப்பதா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை.

கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் போவது. பெரியவர்கள் கைக்கு ஆசை இருக்கும் என்று, பொட்டலத்தை எடுக்கப் பிள்ளைகளைத்தான் விடுவார்கள். என்னை விட்டார்கள். சிவப்பு வந்தது. எதற்கு எடுத்தேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சித்தப்பா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார் என்றே நினைத்திருந்தேன். அவரோ சிரித்துக்கொண்டே அப்பாவிடம், “பூவுக்கு என்னாண்ணே தெரியும்?” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறுதான் இது.

“எத்தன, கிராணியாரே?” என்றார். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் தோட்டத்துக் கணக்கர் பட்டத்தை எனக்குக் கொடுத்திருந்தார்.

“நூத்தி நாப்பத்தாறு.”

“கரண்டி மூக்கு?”

“இல்ல.”

“நல்லா பாரு. கண்டுபுடிச்சா ரெண்டு வெள்ளி பணம் தரேன்.”

“நீங்களும் பாருங்களேன், சித்தப்பா.”

“நான் பாத்தா செல்லாதுடா.”

எட்டு மணிக்குச் சற்று முன், கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒன்று மேய்ந்தது. மற்றவைபோல் குத்தவில்லை. தலையை இருபக்கமும் ஆட்டிச் சேற்றைத் துழாவியது. மூக்கு நுனி தடித்திருந்தது. தொலைநோக்கிக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சந்தேகத்தில் எழுதிய விடைக்குப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது.

“ஒண்ணு இருக்கு. ஆனா மூக்குல சேறு ஒட்டியிருக்கு போல.”

அவர் முதுகு நிமிர்ந்தது. “சேறா, மூக்கா? சரியா சொல்லு.”

“சேறுதான்னு நெனைக்கிறேன்.”

அவர் கழுத்து பாதி திரும்பியது. அப்படியே நின்றது. பிறகு மெல்லச் சாலைப் பக்கமே போய்விட்டது. தூறலிலேயே குடையை மடக்கினார்.

“சரி, வா. ரொட்டி சானாய் சாப்ட்டுப் போலாம்” என்றார்.

வியாழக்கிழமை கப்பல் ஏறினார். தொலைநோக்கியை எனக்கு வைத்துவிட்டுப் போனார். அங்கே அவருக்கென்று யாரும் இல்லை. சில கடிதங்கள் வந்தன, பிறகு நின்றன. அந்தப் பறவை பையன் கண்ணில் பட்டால் கப்பல் ஏறமாட்டேன் என்று சேற்றுக்குப் போனதற்கு முந்தின நாள் அவர் தன்னிடம் சொன்னதை, அம்மா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.

போன நவம்பரிலும் அந்தக் கரைக்குப் போனேன். பெரிய கேமராவோடு வந்திருந்த ஒரு பெண், “அங்கிள், இது ரொம்ப ரேர்லா” என்று வேறெங்கோ எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். சின்ன உள்ளான். மூக்கு நுனியில் சேறு ஒட்டியதுபோலவே இருந்தது.

ஒன்பது வயதில், அந்த ஞாயிறன்று வீடு திரும்பும் வழியெல்லாம், சித்தப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். எனக்கு நட்டம் இரண்டு வெள்ளி.