பழைய மாடிக்கே போகும் புறா

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாறியபோது என் வீட்டுக்காரரின் புறாக்களும் கூடையில் வந்தன. இறக்கையில் டேப் ஒட்டி, கொஞ்ச நாள் புது மாடியிலேயே பழக்கினார். டேப்பை எடுத்ததும் இளசுகள் பறந்துவிட்டு அங்கேயே வந்து இறங்கின. வயதான பெட்டை மட்டும் வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு ராயபுரத்துப் பழைய மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு காலத்தில் எண்ணூருக்கு அப்பால் திறந்துவிட்டாலும் நாங்கள் வருமுன் வீடு சேர்ந்திருக்கும் புறா அது.

அவரும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டியே தலை நரைத்தவர். மற்ற டிரைவர்கள்தான் இவரிடம் வழி கேட்பார்கள். இவர் யாரையும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் போன மழைக்காலத்தில் முடி வெட்டப் போய், வீடு வரத் தெரியாமல் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். பழைய ரோடெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். புதுத் தெரு மட்டும் மனதில் நிற்கவில்லை. “இனிமே அப்பா தனியா எங்கயும் போகக் கூடாது” என்று மகன் சொல்லிவிட்டான். எட்டாவதோடு நின்றவள் நான், பயப்படுவது ஒன்றுதான் நன்றாக வரும். தலையாட்டினேன்.

ஆனால் பெட்டை போய் உட்கார்ந்த அந்தப் பழைய மாடியில் இப்போது வேறொருவர் புறா வளர்க்கிறார். புறாக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாடி மாறிப்போன புறாவை, வளர்த்தவனே நேரில் போய்க் கூப்பிட வேண்டும். அவன் குரலுக்கு அது வந்தால்தான் கொடுப்பார்கள். ஆள் அனுப்பினால் கிடைக்காது.

“நானும் வரேன்” என்றேன்.

“பொண்டாட்டி கைய புட்சிகினு புறா கேக்க வந்தான்னு ஏரியாவே சிரிக்கும். வூட்லயே கெட.”

“வழி தப்பிட்டா?”

“தப்பிட்டா இன்னா, சாத்தாங்காட்ல இரும்பு வெல விசாரிச்சிகினு வரேன்.”

காலையிலேயே கூடையோடு கிளம்பிவிட்டார். செல்போன் கட்டில்மேலேயே கிடந்தது. சோறு ஆறிப்போனது. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். எண்ணூர் வரைக்கும் போய்விட்டாரோ, லாரி ஏதும் இடித்துவிட்டதோ என்று என் மனம் என்னென்னவோ ஜோடித்தது. மகனுக்கு போன் போட எடுத்தேன். போட்டால் அன்றோடு அவர் வாசல் தாண்டுவது முடிந்தது. போடவில்லை.

வெயில் சாயும்போது ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கூடைக்குள் புறா.

“இன்னா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?”

“எங்கய்யா போய்த் தொலஞ்ச?”

“புறா மேட்டரு ஒரே நிமிசம். ஒரு வாட்டிதான் கூப்ட்டேன், தோள்ல வந்து குந்திச்சு. அந்தாளு அப்பவே குடுத்துட்டான். திரும்பி பஸ்ல வரசொல்லதான், நம்ம ஸ்டாப்புன்னு நெனச்சி டோல்கேட்ல எறங்கிட்டேன். மெட்ரோ தூணு எல்லாம் ஒரே மாதிரி கீது. எந்தப் பக்கம் போறதுன்னே புரில.”

“அப்புறம்?”

“கேட்டேன்.”

“யார?”

“பூக்காரம்மாவ, டிராபிக் போலீஸ, எல்லாரையுந்தான். இந்த ஆட்டோக்காரன் ‘இன்னா நைனா, ஊருக்குப் புச்சா?’ன்றான். ‘வூடுதான்டா புச்சு, ஆளு பழசு’ன்னேன்.”

கூச்சமே இல்லாமல் சொன்னார். அவ்வளவு பெரிய ட்ரெய்லரைக் குறுகலான கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்து, கூட்டமே கை தட்டியபோதுகூட அவரை நினைத்து எனக்கு இத்தனை பெருமை வந்ததில்லை. அன்று செய்தது அவருக்குக் கை வந்த வேலை. இது இந்த வயதில் புதிதாகப் பழகிக்கொண்டது.

புறாவை இளசுகளோடு கூண்டில் விட்டார். “இதுக்கு இனிமே புது மாடி மண்டைல ஏறாது” என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே தாழ்ப்பாள் போட்டார்.

மகன் போன் செய்தான்.

“உங்கப்பா ராயபுரம் போய்ட்டு வந்தாருடா. தனியா.”

“தனியாவா? வழி தப்பலயா?”

“தப்பிட்டாரு. விசாரிச்சிகினு வந்துட்டாரு. ஞாயித்துக்கெழம காசிமேட்டுக்கு மீன் வாங்கவும் அவருதான் போறாரு.”

மறுமுனையில் அவன் கத்தினான். எனக்கும் பயம்தான். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.